பணித்தளம் மாறிப்போனால் அழைப்பு பொய்யாகிவிடுமா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். பி.எட். படிக்கும்போதே, படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலையில் வாழும் மால்தோ பழங்குடிப் பிள்ளைகளுக்கான மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்திருந்தார். அதற்காக இந்தி படித்தார். தேடி வந்த தனியார் பள்ளி வேலையை வேண்டாம் என்றார். அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. சபைப் போதகரான சேகர குரு அவரை முன்னால் நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பியாகிவிட்டது. பணித்தளத்தின் பெயர் போட்ட ஜெப அட்டையும் வீடு வீடாகக் கொடுத்தாயிற்று. புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது ஹாஸ்டலை நடத்தும் மிஷன் அமைப்பிலிருந்து ஃபோன் வந்திருக்கிறது: "உள்ளூரில் சில பிரச்சினை, இந்த வருஷம் ஹாஸ்டல் திறக்கவில்லை. இப்போதைக்கு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், கணக்கு வேலைக்கு ஆள் தேவை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்." தம்பி கேட்பது மூன்று. தேவ சித்தத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? அலுவலக வேலைக்குப் போவதா? அப்பாவிடமும் சபையிடமும் எந்த முகத்தோடு பேசுவது?

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். திட்டம் மாறியது என்ற ஒன்றை மட்டும் வைத்து, நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று முடிவு கட்ட முடியாது. வேதாகமம் அப்படி முடிவு கட்டுவதில்லை.

தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயம் கட்ட வேண்டும் என்ற ஆசையை நாத்தான் தீர்க்கதரிசியிடம் சொன்னார். தீர்க்கதரிசியே "செய்யும், கர்த்தர் உம்மோடிருக்கிறார்" என்றுதான் சொல்லி அனுப்பினார். அன்று ராத்திரியே பதில் மாறிவிட்டது: நீ கட்ட வேண்டாம், உன் மகன் கட்டுவான். பல வருஷம் கழித்து ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோன் இதை நினைவுகூரும்போது, கர்த்தர் தன் தகப்பனிடம் சொன்ன ஒரு வார்த்தையை எடுத்துச் சொல்கிறார்: அந்த விருப்பம் "உன் மனதிலே இருந்தது நல்ல காரியந்தான்." வேண்டாம் என்று சொன்னவரே, ஆசைப்பட்டதை நல்லது என்றும் சொன்னார். நீங்கள் இந்தி படித்ததும், அந்த வேலையை விட்டதும், முழங்காலில் நின்றதும் அதே கணக்கில்தான் சேரும். உங்களுக்கு வந்தது ஃபோனில் ஒரு நிர்வாக முடிவு. உங்கள் ஆசையைக் கர்த்தர் நிராகரித்துவிட்டார் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

இனி வரும் வாரங்களில் ஆளாளுக்கு உங்களிடம் காரணம் சொல்வார்கள். ஆண்டவர் கதவை அடைத்துவிட்டார் என்பார் ஒருவர். சாத்தானின் தடை, உபவாசமிருந்து ஜெபி என்பார் இன்னொருவர். ஏதோ பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார் என்று ஒரு அத்தை சொல்வார். எல்லாரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இதில் எதையும் நீங்கள் அவசரப்பட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக மாணவர்களைப் பணித்தளங்களுக்கு அனுப்புகிறவர்களோடு இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஏன் மாறியது என்று கண்டுபிடிப்பது வேறு, கர்த்தரை நம்புவது வேறு. முதலாவது நடக்காமலே இரண்டாவது நடக்கலாம்.

பவுலைப் பாருங்கள். அவருடைய பயணத் திட்டம் எத்தனையோ முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அவர் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 16ல் ஆசியாவில் (அன்று அது இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த ஒரு ரோம மாகாணம்) வசனம் சொல்ல முயன்றபோது பரிசுத்த ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போக முயன்றபோதும் அவரே விடவில்லை. தெசலோனிக்கேயாவுக்குத் திரும்ப முடியாமல் போனதற்கு, சாத்தான் தடைபண்ணினான் என்று எழுதுகிறார். ரோமாபுரிக்கு இத்தனை நாள் வராததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களில் வேலை இருந்துகொண்டே இருந்தது, அதனால் வர முடியவில்லை. கொரிந்துவுக்குப் போகாமல் விட்டது அவரே எடுத்த முடிவு, அங்குள்ளவர்களைத் துக்கப்படுத்த வேண்டாம் என்று. ஆவியானவர், சாத்தான், வேலை, சொந்த முடிவு என்று நான்கு காரணங்கள். எது எது என்று சொல்லும் தெளிவு அவருக்கு இருந்தது. நமக்கு அந்தத் தெளிவு பல நேரம் கிடைப்பதில்லை. அப்போது "உள்ளூரில் பிரச்சினை, ஹாஸ்டல் திறக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேல் ஆவிக்குரிய அர்த்தம் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

பித்தினியாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பவுல் பிறகு எப்போதாவது அங்கே போனதாக அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. ஆனால் பேதுருவின் முதலாம் நிருபத்தைத் திறந்தால், முதல் வசனத்திலேயே பித்தினியாவில் இருக்கிற விசுவாசிகளுக்கு வாழ்த்து இருக்கிறது. யார் போய்ச் சொன்னார்கள் என்று எழுதப்படவில்லை. ஆசியாவின் கதை வேறு. அன்று தடுக்கப்பட்ட அதே நாட்டின் எபேசுவில் பவுல் பிற்பாடு இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கி ஊழியம் செய்தார். ஒன்று அவருக்குத் தள்ளிவைக்கப்பட்டது, இன்னொன்று வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டது. அன்று இரண்டு வழியும் அடைபட்டு மீசியாவின் கடற்கரையில் நின்றபோது எது எந்த வகை என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மாணவர் மிஷனரி முயற்சி என்று பேசினால் ஒரு வரலாற்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் அதில் நேரடித் தொடர்பு இருக்கிறது.

1806ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வயல்வெளியில் ஜெபிக்கப் போனார்கள். இடி மழை வந்தது. ஒரு வைக்கோல் போரின் ஓரத்தில் ஒதுங்கி, ஆசிய நாடுகளுக்குச் சுவிசேஷம் போக வேண்டும் என்று ஜெபித்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை சாமுவேல் மில்ஸ் என்ற மாணவர். அந்த ஆர்வத்திலிருந்துதான் 1810ல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் பிறந்தது. 1812 பிப்ரவரியில் அதன் முதல் மிஷனரிகள் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவர் அதோனிராம் ஜட்சன், இன்னொருவர் சாமுவேல் நியூவெல். இருவரும் புதிதாகக் கல்யாணமானவர்கள். நியூவெலின் மனைவி ஹாரியட்டுக்கு அப்போது 18 வயது.

ஜூன் மாதம் கல்கத்தாவில் இறங்கினார்கள். இறங்கிய வேகத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறச் சொன்னது. மிஷனரிகள் வந்தால் வியாபாரத்துக்கும் ஆட்சிக்கும் தொல்லை என்பது கம்பெனியின் எண்ணம். போதாததற்கு அந்த ஜூனில்தான் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. நியூவெல் தம்பதியர் ஆகஸ்டில் மொரீஷியஸ் போகும் கப்பலில் ஏறினார்கள். வழியில் கடலிலேயே ஹாரியட்டுக்குப் பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. கரை சேர்ந்த கொஞ்ச நாளில், நவம்பர் 30ஆம் தேதி ஹாரியட்டும் இறந்தார். வயது 19. ஊழியம் என்று ஒரு நாள்கூடத் தொடங்கவில்லை.

ஜட்சன் தம்பதியர் அடுத்த வருஷம் மொரீஷியஸிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். பினாங்குக்குப் போவது திட்டம். சென்னையில் தங்கினால் கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடும் என்ற பயம். உடனே புறப்படும் கப்பல் ஒன்றுதான் இருந்தது, அது பர்மாவின் ரங்கூனுக்குப் போவது. அதிலேறினார்கள். அந்தப் பயணத்தில் அவர்களுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. 1813 ஜூலையில் ரங்கூன். முதல் விசுவாசி ஞானஸ்நானம் பெற்றது 1819ல். முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் ஜட்சன் மொழிபெயர்த்து முடித்தது 1834ல்.

மனைவியையும் குழந்தையையும் இழந்த நியூவெல் இலங்கைக்குக் கப்பலேறினார். அங்கே சில மாதங்கள் இருந்துவிட்டு, இந்தத் தீவில் வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது என்று தன் சங்கத்துக்கு எழுதினார். அதன் பிறகுதான் 1816ல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தது. 1823ல் வட்டுக்கோட்டை செமினரி, அடுத்த வருஷம் உடுவில் பெண்கள் பள்ளி, 1834ல் அங்கிருந்து மதுரை மிஷன். யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் குழுவில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். அந்த வைக்கோல் போர் ஓரத்தில் ஜெபித்த ஐந்து மாணவர்களில் ஒருவர் அவர். 1812ல் போன கப்பலில் அவர் இல்லை. 1815ல்தான் புறப்பட முடிந்தது. யாழ்ப்பாணத்தில் சில வருஷம் உழைத்து 1822ல் இறந்தார்.

இந்த இடத்தில் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்தை நான் சொல்ல மாட்டேன்: "பாருங்கள், ஹாரியட் இறந்ததால்தான் உடுவில் பள்ளி வந்தது." அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. சொல்ல உரிமையும் கிடையாது. 19 வயதுப் பெண்ணின் மரணம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த விலை என்று கர்த்தர் எங்கேயும் சொல்லவில்லை. நடந்த துக்கம் துக்கம்தான். அந்தத் துக்கத்தோடு நியூவெல் அடுத்த கப்பலில் ஏறினார், இறங்கிய இடத்தில் கண்ணில் பட்டதை எழுதி அனுப்பினார். கர்த்தர் அதை எடுத்துப் பயன்படுத்தினார். என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான். என் நம்பிக்கைக்கு இது போதுமானதாக இருக்கிறது.

அப்புறம் சாமுவேல் மில்ஸ். அந்த ஜெபக் குழுவின் தலைவரான அவர் ஆசியாவுக்குப் போகவே இல்லை. மற்றவர்கள் போக, அவர் அமெரிக்காவிலேயே இருந்து மேற்கு எல்லைப் பகுதிகளுக்குப் பயணம் செய்தார். 1816ல் அமெரிக்க வேதாகமச் சங்கம் உருவாக உழைத்தார். ஹவாயிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஓபூகாயா என்ற இளைஞரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படிக்க உதவினார். 1818ல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கடலிலேயே இறந்தார். ஓபூகாயாவும் சொந்தத் தீவுக்குத் திரும்பிச் சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தவர். அதே 1818ல் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஹவாய்க்கான முதல் மிஷனரிக் குழு அடுத்த வருஷம் புறப்பட்டபோது, அதற்குத் தூண்டுதல் அவருடைய வாழ்க்கைதான். இரண்டு பேருக்கும் அவர்கள் கேட்ட இடம் கிடைக்கவில்லை. இவர்களுக்கு அழைப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, அலுவலக வேலைக்கு வருவோம். கணக்குப் புத்தகத்தின் முன்னால் உட்காருவதை நினைத்து உங்கள் மனது சோர்ந்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வேலை என்னவென்று ஒரு தரம் பாருங்கள். ராஜ்மகால் மலையில் இருக்கும் மிஷனரிக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் போய்ச் சேருவது, காலா-அசார் காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செலவு திரும்பக் கிடைப்பது, ஒரு விதவைத் தாய் அனுப்பிய நூறு ரூபாய்க்கு ரசீது போவது, எல்லாம் அந்த மேஜையில்தான் நடக்கிறது. அந்தக் கணக்கு பிசகினால் முதலில் பட்டினி கிடப்பது பணித்தளம்தான். ஆலயம் உனக்கில்லை என்று கேட்ட தாவீது என்ன செய்தார்? கேதுரு மரம் சேர்த்தார், வெண்கலம் சேர்த்தார். வாசல் கதவுகளின் ஆணிகளுக்கென்று இரும்பைக்கூடச் சேர்த்துவைத்ததாக முதலாம் நாளாகமம் 22ல் இருக்கிறது. தான் கட்டப் போகாத கட்டடத்தின் ஆணிகளுக்கு!

அதற்காக, கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கர்த்தரை நம்புவது என்றால் ஒரு நிறுவனம் சொல்வதையெல்லாம் கேள்வி கேட்காமல் ஏற்பது என்று நம் இளைஞர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. பொறுப்பாளரிடம் மரியாதையாக, ஆனால் நேராகக் கேளுங்கள். பிரச்சினை என்ன வகை: அனுமதியா, பாதுகாப்பா, பணமா, ஆள் பற்றாக்குறையா? இந்த வருஷத்துக்கு மட்டுமா, இனி ஹாஸ்டலே இல்லையா? "ஆறு மாதம் கழித்து" என்பது எந்தத் தேதி, அன்று முடிவு சொல்லப்போவது யார்? அலுவலகத்தில் தங்க இடம் எங்கே, யாருக்குக் கீழே வேலை? இந்த இடைக்காலத்தில் ஒரு முறையாவது பணித்தளத்துக்குப் போய்ப் பார்க்க முடியுமா? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். நேர்மையான அமைப்பு இதற்குக் கோபப்படாது. பதில் மழுப்பலாகவே இருந்தால், வேறு பணித்தளமோ வேறு அமைப்போ தேடுவதில் அவிசுவாசம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே? ஹாஸ்டல் திறக்காவிட்டால் மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியே நின்றுபோகும். சிலர் பெற்றோரோடு கூலி வேலைக்குப் போவார்கள். தேதியும் டிக்கெட்டும் ரத்தானது உங்களுக்கு. வகுப்பு ரத்தானது அவர்களுக்கு. நீங்கள் அவர்கள் மேல் பாரம் கொண்டுதான் கிளம்பினீர்கள், அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது. யாராவது அவர்களை வேறு ஹாஸ்டலில் சேர்க்க முயல்கிறார்களா என்று விசாரியுங்கள். ஜெபிக்கும்போது அந்த ஊர்களின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். போகும் வழி அடைபட்டாலும் பாரம் அப்படியேதான் இருக்கிறது என்பது உங்களுக்கே அப்போது தெரியும்.

சபையிடம் சொல்வதைப் பற்றி: தள்ளிப்போடாதீர்கள். கொரிந்துவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பவுல் வராததால், அவர் பேச்சு நிலையில்லாதது, ஆம் என்பார் அல்ல என்பார் என்று அங்கே பேச்சு எழுந்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை. என்ன நினைத்திருந்தேன், ஏன் மாற்றினேன் என்று இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே எழுதினார். நீங்களும் இந்த வாரமே சேகர குருவிடம் போய்ச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிஷம் கேளுங்கள். ஹாஸ்டல் திறக்கவில்லை, நான் காத்திருக்கிறேன், முடிவு இந்தத் தேதிக்குள் தெரியும், இவற்றுக்காக ஜெபியுங்கள். இவ்வளவு போதும். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் அட்டையை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு தினமும் ஜார்க்கண்டுக்காக ஜெபிக்கும் ஒரு பாட்டி உங்களைக் கடைத்தெருவில் பார்த்துத் திகைத்துப்போவார். அவருக்கு அந்தச் சங்கடத்தைக் கொடுக்க வேண்டாம்.

பயணத்துக்கும் ஒரு வருஷச் செலவுக்கும் என்று காணிக்கை வாங்கியிருந்தால் அதில் கை வைக்காதீர்கள். கொடுத்தவர்களிடம் கேளுங்கள்: அப்படியே வைத்திருக்கவா, அலுவலகத்தில் இருக்கும் மாதங்களுக்குப் பயன்படுத்தவா, திருப்பித் தரவா? பெரும்பாலானோர் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

அப்பா விஷயம் கொஞ்சம் நுட்பமானது. "நான் அப்போதே சொன்னேன்" என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம். அவர் பயந்தது உங்களுக்காக. மகன் வேலையையும் விட்டு, போகவும் முடியாமல் நிற்கிறானே என்ற வலி அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. "ஆமாப்பா, இப்படி ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள். விசுவாசி என்றால் சிரித்த முகத்தோடே இருக்க வேண்டும் என்ற நடிப்பை வீட்டில் போடாதீர்கள். சங்கீதங்களில் பாதி கண்ணீர்தான், அதையும் கர்த்தரிடம்தான் கொட்டினார்கள். முடிந்தால் மேலே சொன்ன கேள்விகளை அப்பாவிடம் காட்டி, இன்னும் என்ன கேட்கலாம் என்று யோசனை கேளுங்கள். முதல்முறையாக இந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

பொறுப்பாளரின் பதில் கையில் வந்த பிறகு, அப்பாவோடும் சேகர குருவோடும் ஒரு முறை உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பதில் தெளிவாக இருந்தால், என் ஆலோசனை ஆறு மாதம் அந்த மேஜைக்குப் போங்கள் என்பதே. எதிலே முடிந்தாலும் இந்தியை விடாதீர்கள். மால்தோ நம் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அங்கே போன பிறகு பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் பள்ளிப் பாடம் இந்தியில்தான் நடக்கும். அடுத்த வருஷம் ஹாஸ்டல் திறந்தால் முதல் நாளே கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கும்.